பால்குடங்கள் போன கப்பல்

போர்ட் கிள்ளான் துறைமுகச் சுங்கச் சோதனை அறையில் ஸ்கேன் படத்தைப் பார்த்த அதிகாரி புனிதா உதட்டைப் பிதுக்கினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போகவிருக்கும் கொள்கலன். உள்ளே பித்தளைப் பால்குடங்கள். ஒவ்வொன்றின் அடிப்பாகமும் செங்கல் தடிமன்.

“இத தலையில வச்சிட்டு பத்துமலை முருகன் கோயில் படி ஏறினா கழுத்து ஒடிஞ்சிரும் லா. செஞ்சவன் ஒருநாளும் பால்குடம் எடுத்ததில்ல.”

வருடம் தவறாமல் எடுப்பவர் அவர். உதவி அதிகாரி பேசில் ஒரு குடத்தை அறுத்தான். வெள்ளைத் தூள் கொட்டியது.

“பிடிச்சிருவோம் மேடம். பெரிய கேஸ்.”

“குடத்த பிடிச்சிரலாம். வாங்கறவன?”

ஆஸ்திரேலிய அதிகாரிகளிடம் பேசினார். ஒரு குடம் குறைந்தால் எண்ணிக்கைப் பிழை என்று நினைப்பார்கள்; மற்றக் குடங்களையும் பிரித்தால் தடம் தெரியும். தூளோடுதான் அனுப்ப வேண்டும். வழியில் தவறினால் அத்தனையும் தெருவுக்குப் போய்விடும். மேலிடம் தயங்கியது. “பொறுப்பு என்னுது” என்றார் புனிதா. கண்காணிப்புக் கருவியை உள்ளே மறைத்து, கப்பலை அனுப்பினார்கள்.

சுண்டா நீரிணை அருகே கருவி ஊமையானது. மேலே அடுக்கிய இரும்புப் பெட்டிகள் காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

புனிதா உதவி கேட்க, இந்தோனேசிய ரோந்து விமானம் தேடிப் போனது. கப்பலை ஒரு படகு நெருங்குகிறது, தடுக்கவா என்று ஜகார்த்தாவிலிருந்து கேட்டார்கள். சரக்கு கைமாறப் போகிறதோ என்னவோ. ஆனால் தடுத்தால் விஷயம் பெர்த்வரை எட்டிவிடும். புனிதா மலாய் மொழியில் ஒன்றுதான் கேட்டார்: பைலட் என்ன நினைக்கிறார்?

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்கிறாராம்.

முகம் தெரியாத அந்த மனிதரின் கண்ணை நம்பி, “சரி” என்றார். படகு கப்பலைக் கடந்து போய் வலை வீசியது. விமானம் எரிபொருள் இருந்தவரை உயரத்திலேயே சுற்றி, இன்னொன்று வந்த பிறகுதான் திரும்பியது.

பெர்த் கிடங்கில் குடங்களை அறுக்க உட்கார்ந்தவர்களை ஆஸ்திரேலியர்கள் வளைத்தார்கள். சரக்கை வரவழைத்தவனும் அங்கேயே சிக்கினான்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி பேசிலின் கைப்பேசிக்கு வந்தது.

“நம்ம பேரே இல்ல மேடம். அந்த பைலட்டப் பத்தியும் ஒரு வார்த்த இல்ல.”

“நாங்கதான் போட வேணாம்னு சொன்னோம். இங்க ஏத்துனவன் இன்னும் வெளியதான் இருக்கான். அங்கதான் மாட்டிச்சின்னு நெனச்சிக்கட்டும். அடுத்ததும் நம்ம வழியாவே அனுப்புவான்.”

சொல்லிவிட்டு ரசம் கேட்டார். பேசில் தானே எழுந்து போய் எடுத்துவந்து ஊற்றினான்.