தவளைப் படத்தின் விலை

குட்டையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, முட்டையிலிருந்து தவளை வரை அத்தனையையும் படம் பிடித்தவள் அவள். படத்தின் கடைசியில் ஓடிய பெயரோ அக்கா புருஷனுடையது. நூலகங்களுக்குக் கல்விப் படம் விற்கும் கம்பெனி அவருடையது; அதனால் தவளையும் அவருடையதாகிவிட்டது. கேட்டதற்குச் சிரித்தார்.

"பேர யாரும்மா படிக்கிறாங்க? படம் முடிஞ்சதும் லைட்டப் போட்டுடுவாங்க."

அன்றைக்கே வேலையை விட்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் விடவில்லை.

வீட்டின் பின்னறையில் சொந்தமாகப் படம் தயாரித்து, ஒரு விஷப்பரீட்சையில் இறங்கினாள். விலை என்று எதையும் வைக்கவில்லை. நூலகம் முதலில் படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும், பிறகு தன்னால் முடிந்ததைச் சொல்ல வேண்டும். சின்னப் பள்ளிகள் டீச்செலவுக்கு ஆகிற காசு கொடுத்தன. பெரிய பல்கலைக்கழக நூலகம், கௌரவம் போய்விடக் கூடாதென்று தாராளமாகவே கொடுத்தது. மொத்தத்தில் கையைக் கடிக்கவில்லை.

அத்தானுக்கு அடுத்தவர் யோசனை என்றால் கை சும்மா இருக்காது. மேடை கிடைத்தால் வாயும் சும்மா இருக்காது. வருஷா வருஷம் நூலகர் மாநாட்டில் மார்தட்டுவார்: "யாருக்கு எவ்வளவு குறைச்சுக் குடுத்தாலும் உங்களுக்கும் அதே விலைதான். கூட வாங்கியிருந்தா திருப்பித் தர்றேன்." பெரிய நூலகங்கள் அந்த வாக்கை நம்பித்தான் அவரிடம் வாங்கின.

அவள் அக்காவுக்கு போன் செய்தாள். "விலைய அவங்ககிட்டயே விட்டுட்டேன்க்கா. நல்லா போகுது." அவ்வளவுதான் சொன்னாள். அக்கா காதில் விழுந்தது சாப்பாட்டு மேசைக்குப் போகாமல் இருக்குமா?

மறுமாதமே, விலையை நீங்களே சொல்லுங்கள் என்று அத்தான் விளம்பரம் கொடுத்தார். ஒரு குட்டிப் பள்ளி, தவளைப் படத்தைச் சல்லிக்காசுக்கு வாங்கிப்போனது. அதை அவள் பல்கலைக்கழக நூலகரிடம் பேச்சோடு பேச்சாகப் போட்டு வைத்தாள். அவர் அத்தானின் மேடைப் பேச்சை மறந்தவரில்லை. அடுத்தடுத்து எல்லாப் பெரிய நூலகங்களும் கூடக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டன.

அத்தான் பின்னறைக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"திருப்பிக் குடுக்கக் கையில காசில்ல. படத்தையெல்லாம் நீயே எடுத்துக்கம்மா. எவ்ளோ தருவே?"

"உங்க பழைய விலையே தர்றேன். தவளைப் படத்துல மட்டும் பேர மாத்தணும். மாத்தி, மாநாட்டுல நீங்களே போட்டுக் காட்டணும்."

அவர் முகம் செத்துப்போனது. அவளுக்குப் பாவமாக இருந்ததா என்றால், துளிகூட இல்லை.

மாநாட்டு அரங்கம் இருட்டாக இருந்தது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசித் தவளை தண்ணீருக்குள் குதித்தது. திரையில் பெயர் ஏறத் தொடங்கியபோது, பழக்கதோஷத்தில் அத்தானின் கை சுவிட்சுக்குப் போனது.

"லைட்டப் போடாதீங்க அத்தான்," என்றாள், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. "எல்லாரும் படிச்சிட்டிருக்காங்க."