மூலையில்லாத எழுத்து

அரிமளத்தில் சென்ற வைகாசி மாதம், காதணி விழா பேனர் ஒன்றிலிருந்து தாய்மாமனின் பெயர் கீழே இறங்கி, திருமயம் சாலையில் உருண்டு போனது. காலை பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கண்டக்டர் ஹாரன் அடிக்கச் சொன்னார். எழுத்துகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன.

குற்றம் அந்த எழுத்தின் மேல்தான். ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் புவனேஸ்வரி, வளையலை வைத்து வட்டம் வரைந்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு புது எழுத்துரு செய்தாள். எல்லாக் கோடும் ஒரே கனம், முனையெல்லாம் மழுங்கல். சதுரமாக உட்கார வேண்டிய ‘ப’வுக்குக்கூட அடி உருண்டை. பல் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகள் அந்த எழுத்தில் அடித்த போர்டைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தின. இளநீர்க் கடையில் காற்றடித்தால் எழுத்துகள் லேசாக ஆடும். கடைக்காரர் ஆணி அடித்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம், விட்டாளா? திருமயத்தில் அண்ணன் சோலையப்பன் புதுமனை புகுந்தபோது, அவன் பெயரையும் அதே எழுத்தில் அடித்துக் கொடுத்தாள். நம் பக்கம் ஆம்பளை பெயர் என்றால் அரிவாள் மாதிரி முனையும் ஓரத்தில் நெருப்பும் வேண்டும். “மீசை வச்ச ஆளு பேரைப் பால்வாடி எழுத்துல போட்டுட்டா” என்று குதித்தவன், இரண்டு வருஷம் தங்கை வாசலை மிதிக்கவில்லை. தங்கை தன் மகள் இலக்கியாவுக்குக் காது குத்தத் தட்டோடு போய் அழைத்தபோதும் வாங்காமல் திருப்பினான். மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்கு இங்கே காது குத்தியிருக்கிறார்கள்? புவனேஸ்வரி அழுதாள். ஆனாலும் பிடிவாதக்காரி. பேனரில் அண்ணன் பெயரை அதே எழுத்தில், எல்லோருக்கும் மேலே போட்டாள்.

விழாவன்று விடிந்ததும் அது இறங்கிவிட்டது. புள்ளிகள் முன்னால் துள்ளி ஓட, ‘சோ’ தன் கொம்பையும் காலையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனது. எல்லாமாகச் சோலையப்பன் வீட்டுக் கேட்டை முட்டின. துரத்தினான், திரும்பி வந்தன. கடைசியில் யூரியா சாக்கில் அள்ளிப்போட்டு, பைக்கில் கட்டிக் கொண்டுவந்து பந்தலில் இறக்கினான்.

“இந்தா, ஒன் எழுத்தைப் புடி. வாசல்ல கெடந்து காலை இடறுது.”

“இருக்கட்டும்ண்ணே. நீ சாப்புட்டியா?”

அதற்குள் இலக்கியா ஓடிவந்து, “மாமா, இங்கிட்டு ஒக்காருங்க” என்று கையைப் பிடித்து இழுத்து, உட்கார்ந்ததும் மடியில் ஏறிக்கொண்டாள். ஊசி பட்டதும் வீறிட்டாள். அவளைவிடச் சத்தமாக மாமன்காரன் அழுதான்.

பேனரில் அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. ஆளே வந்துவிட்ட பிறகு பெயரை யாரும் தேடவில்லை.