நாற்பத்தோராவது கடிகாரம்

"ஐயோ, அது உங்க வயித்துலேருந்துதான் வருது!"

"சும்மா கத்தாதே. முப்பது வருஷமா கடிகாரத்தோட குடும்பம் நடத்துறவன் நான். எது கத்துதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஓ, குடும்பம் அதுங்களோடதானா? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன், உடனே கிளம்பி வரச் சொல்றாங்க!"

"கடையில நாற்பது இருக்கு. எல்லாத்தையும் பார்த்துட்டு வர்றேன்."

கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதால் கடிகாரக்காரர் வீட்டுச் சண்டை தெருவுக்கே பொதுச்சொத்து. சத்தம் என்னவோ சின்னதுதான். மணிக்கொரு தரம் 'கீக்'. செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது.

முதுகுவலியில் நிமிர முடியாமல் கிடந்த மனிதர். போன வருஷம் வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன டப்பா போல ஒரு பம்ப் வைத்தார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக மருந்து சொட்டுச் சொட்டாக முதுகுத்தண்டுக்குப் போகும். மூன்று மாதத்துக்கொரு முறை ஊசியால் நிரப்ப வேண்டும். தீரப்போனால் பம்ப் கூவும். மருந்து திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவரோ, "அதுவே கூப்பிடும்போது தேதி எதுக்கு?" என்று, நர்ஸ் எழுதித் தந்த தேதி அட்டையை மடித்து, ஆடுகிற ஸ்டூல் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது கூப்பிடுகிறது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கடிகாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினார். வியாழனுக்குள் முப்பத்தெட்டு செத்துக் கிடந்தன. 'கீக்' நிற்கவில்லை. கை நடுங்கியது, சட்டை வேர்வையில் ஒட்டியது. "புழுக்கம்" என்றார். மனைவி போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

வெள்ளி மதியம் கடைசிக் கடிகாரமும் ஊமையானது. ஜெயித்த முகத்தோடு சாப்பிட உட்கார்ந்தார். அவள் தட்டை வைத்தாள். முப்பது வருஷத்தில் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

'கீக் கீக்.' இப்போது இரண்டிரண்டாக.

அவர் மெதுவாகச் சட்டையைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். "அடியே, நீ சொன்னது..." அதற்குள் கால்கள் இரண்டும் வெட்டி இழுத்தன.

ஆஸ்பத்திரியில் மருந்தை நிரப்புவதற்குள் இதயம் முந்திக்கொண்டு நின்றுவிட்டது. துணியால் மூடிய பிறகும் பம்ப் கூவிக்கொண்டே இருந்ததாம்.

பக்கத்துக் கடைத் தையல்காரரும் சுவர் வழியாக நாலு நாள் கேட்டவர்தான். "கடிகாரக் கடையில கூவாம வேற எங்க கூவும்னு விட்டுட்டேன்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலியான கடையை வாடகைக்கு எடுத்திருப்பவரும் அவரே.

கடிகாரக்காரர் மனைவி தன் தங்கை வீட்டோடு போய்விட்டாள். அங்கே எது 'கீக்' என்றாலும் தங்கை புருஷனின் வயிற்றைத்தான் முதலில் பார்க்கிறாளாம். மனிதருக்கு ஒன்றுமில்லை. இன்றுவரை.