முறையாகக் கட்டுவது

லில்லியனின் தலையில் என் காரின் கூரை விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கல்லடிப் பாலத்தில் ஏறப்போகும் இடத்தில். விழுந்தது என்று சொன்னால் பழி கூரைக்குப் போய்விடும். விழுத்தியவன் நான்.

என் கார் ஒரு மொறிஸ் மைனர். துணிக்கூரை, பின்னால் மடக்கிவிட்டால் மேலே வானம்தான். அதைச் செய்த காலத்தில் ஆட்கள் சாவுக்குப் பயப்படவில்லை போலும், பெல்ட் என்று ஒரு துண்டு கயிறுகூட வைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளித் தையல் மெசினோடு தனியாக இருக்கிற லில்லியனை, நானும் பெண்சாதியைப் பறிகொடுத்துத் தனியாக இருக்கிறவன் என்ற உரிமையில், பூசைக்கு ஏற்றிப்போகிறேன் என்று ஒரு வருடமாகக் கேட்டேன். "அந்தக் காரில பிடிச்சிக்கொள்ள ஒண்டும் இல்லியே, ஒஸ்வல்ட்" என்பா.

ஆகவே நானே ஒரு தோள் பெல்ட் போட்டேன். நான் மரவேலைக்காரன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் மரம் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். மைனரில் மரம் அகப்பட்டது கூரையின் முன்சட்டத்தில். கூரையை மடக்கினால் அது சீற்றுக்குப் பின்னால் வந்து கிடக்கும். பெல்ட்டின் மேல்முனையை அதில் வைத்து மர இஸ்க்குறுவால் முறுக்கிவிட்டு, என் கைத்திறனை நானே ஒரு தேத்தண்ணியோடு கொண்டாடினேன். மடித்துக் கிடக்கிற கூரை முன்னால் இழுத்தால் விரியும் என்பதை, வாழ்நாள் முழுக்கக் கதவும் யன்னலும் செய்தவனுக்கு யாராவது சொல்லித் தரவேண்டுமா? வேண்டியிருந்தது.

பாலத்தடியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அமத்தினேன். லில்லியன் முன்னால் போனா, பெல்ட் இழுத்தது, கூரை எழும்பி வந்து இருவரையும் மூடியது. கரப்புக் கூடைக்குள் அகப்பட்ட செப்பலி மீன்கள்போல உள்ளே துடித்தோம். மாடு நின்று பார்த்துவிட்டுப் போனது.

லில்லியன் துணியை விலக்கிக்கொண்டு இறங்கினா. கலைந்த முடியை ஒதுக்கினா. கதவை, உடையாத அளவுக்கு, அடித்துச் சாத்தினா.

"இனி முறையாக் கட்டினாத்தான் இதில ஏறுவன்."

சொல்லிவிட்டு ஒரு ஓட்டோவை மறித்துப் போய்விட்டா. அந்த வசனத்தில் பெல்ட் என்ற சொல் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் இறால் விற்றுக்கொண்டிருந்த புஸ்பம் கவனித்துவிட்டா.

மறுநாள் ஏறாவூருக்கு, ஹமீட்டின் கராஜுக்குப் போனேன். என் கார் மெல்லத்தான் ஓடும். புஸ்பத்தின் வாய் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்க ஓடாவியார்!" என்றான் ஹமீட். மரவேலைக்காரனுக்கு அந்தப் பக்கத்தில் அது மரியாதைப் பெயர். ஹமீட்டின் வாயில் வரும்போது மட்டும் மரியாதை வழியிலேயே இறங்கிவிடும். "மாப்பிள்ளைக்கு நெத்தியில என்ன வீக்கம்?"

"என்ன மாப்பிள்ளை?"

"அந்த மனுசி பாலத்தடியில நிண்டு முறையாக் கட்டச் சொன்னாவாமே. ஊரே கதைக்கிது."

"பெல்ட்டைடா!"

"பெல்ட்டெண்டு சொன்னாவா?"

யோசித்தேன். சொல்லவில்லைதான். நம்முடைய தமிழில் பெல்ட்டையும் கட்டலாம், ஆளையும் கட்டலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் கட்டாமலே செத்திருப்பான். அறுபது தாண்டிய என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இஸ்க்குறுபோலச் சுற்றிச் சுற்றி இறங்கத் தொடங்கியது.

அதற்குள் ஹமீட் கூரைச் சட்டத்தைப் பார்த்துவிட்டான். கராஜில் நின்ற எல்லாரையும் கூப்பிட்டான்.

"இஞ்ச வந்து பாருங்க, கார் பெல்ட்டுக்கு மர இஸ்க்குறு! ஓடாவியார், நீங்க அந்த மனுசியக் காப்பாத்தப் பாத்தீங்களா, கூட்டில அடைக்கப் பாத்தீங்களா?"

சிரித்து முடிந்தபின் விளக்கினான். மற்றக் கார்களில் தோள் பெல்ட்டின் மேல்முனையைக் கதவுக்குப் பின்னால் நிற்கிற தூண் பிடித்துக்கொள்ளும். கூரை மடக்குகிற காரில் தூணே இல்லை. சீற்றின் முதுகில் பூட்டினால் சீற்றே பிடுங்கிக்கொண்டு வரும். தாழ்வாகத் தரையில் பூட்டினால், அடிபடும்போது பெல்ட் தோளைக் கீழே அமத்தி முள்ளந்தண்டை நொறுக்கிவிடும்.

"அப்ப தூணை நாமதான் நடணும்" என்றான்.

நட்டான். சீற்றுகளுக்குப் பின்னால் ஒரு பக்கமிருந்து மறுபக்கம்வரை வளைத்த தடித்த இரும்புக் குழாய். அதன் கால்கள் நிற்கிற இடத்தில் தரைக்கு மேலும் கீழும் இரும்புத் தகடு, ஊடுருவப் போல்ட். தோளுக்குச் சற்று மேலே பெல்ட்டைப் பிடிக்கிற கொளுவி. குழாய்க்கு வெள்ளை நிறம் பூசியது மட்டும் என் யோசனை.

வேலை நடந்த நாட்களில் கண்டவர்களிடமெல்லாம் கேட்டேன், லில்லியன் கட்டச் சொன்னது எதை என்று. "நான் இரும்புக்குத்தான் மெக்கானிக்" என்றான் ஹமீட். பங்குத்தந்தை, "நல்லதே நடக்கும்" என்றுவிட்டு மணியைப் பார்த்தார். மெல்பேனில் இருக்கிற மகள் பியோனா வீடியோவில் என்னை உற்றுப் பார்த்தாள்.

"டடா, தலைக்கு மை அடிச்சிருக்கிங்களா?"

அடித்திருந்தேன். இடது காதும் கறுத்திருந்தது.

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு, புள்ள."

"லில்லியன் அன்ட்டியிட்டயே கேளுங்க."

நல்ல யோசனை. துணிவையும் பார்சலில் போட்டு அனுப்பியிருக்கலாம்.

நான் பகிடி விட்டாலும் விசயம் இதுதான்: பின்னேரத்தில் தேத்தண்ணிக்கு இரண்டு கோப்பை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. லில்லியன் சொன்னது பெல்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்தில் ஒரு ஆள். மற்றது என்றால் வீட்டில் ஒரு ஆள்.

கூரையை மடக்கிவிட்டு ஊருக்குள் வந்தேன். பாலத்தடியில் புஸ்பம் இறால் தராசைக் கீழே வைத்தா.

"இஞ்ச பாருங்க, மணவறையையும் கையோட கொண்டு வாறாரே மாப்பிள்ளை!"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வளைவு, அதற்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. பூமாலை ஒன்றுதான் குறை. ஹமீட்டுக்கு இது முதலே தெரிந்திருக்கும், படுபாவி.

லில்லியனின் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்தா. என்னைப் பார்க்கவில்லை. பெல்ட்டைப் பார்த்தா. நகத்தால் அதன் தையலைக் கீறினா, இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று இழுத்தா. வளைவு அசையவில்லை. ஏறி இருந்து, பெல்ட்டைக் கொளுவி, முன்னால் பாய்ந்து பார்த்தா. பெல்ட் பிடித்தது. கூரை பேசாமல் கிடந்தது.

"லில்லியன், அண்டைக்கு நீங்க கட்டச் சொன்னது..."

"தையல் நல்லம். என்ட மெசினில இப்பிடி விழாது."

"அதில்ல. கட்டச் சொன்னது..."

"காதில என்ன கறுப்பு?"

"மை. நீங்க கட்டச் சொன்னது பெல்ட்டையா, என்னையா?"

தெருவில் போன சைக்கிள் ஒன்று மெதுவாகியது. லில்லியன் அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு முழுதாக என் பக்கம் திரும்பினா.

"பெல்ட்டைத்தான், ஒஸ்வல்ட். கலியாணத்தை நினைச்சிச் சொல்லல்ல. இப்ப கேட்டாலும் வேணாமெண்டுதான் சொல்லுவன். எனக்கு என்ட வீடும் மெசினும் காணும், இன்னொரு ஆளுக்குச் சட்டை மினுக்க ஏலாது. ஆனா பூசைக்குத் தனியப் போய்த் தனிய வாறதும் எனக்கு அலுத்துப் போச்சு. ஒவ்வொரு ஞாயிறும் வாங்க. வரக்குள்ள கூரையைத் திறந்துதான் வரணும், ஊர் பாக்கட்டும். பூசை முடிய இஞ்ச வந்து தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போங்க."