கேட்டைக்குக் கீழே ஓர் இருட்டு

ஷஹீராவுக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். அந்தக் கண்ணுக்கு முன்னால் கையைக் காட்டினால் கை என்று தெரியும், விரல்களை எண்ண முடியாது. பள்ளியில் படித்ததும், சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் கணவர் அர்ஷத்தின் ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆல்பங்கள் செய்து கொடுப்பதும் எல்லாம் வலது கண்ணை நம்பித்தான். அதற்கும் சோடாபுட்டிக் கண்ணாடி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அர்ஷத் திருவேங்கடத்தில் ஒரு நிக்காஹ் எடுக்கப் போயிருந்தார். ஷஹீரா மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆல்பம் வேலை அல்ல, ஆசைக்குச் செய்கிற வேலை. போன வாரம் இளையரசனேந்தல் பக்கம் ஒரு கரிசல் காட்டில் கேமராவை நிறுத்தி, கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வானத்தை எடுத்து வந்திருந்தார்கள். காடு அர்ஷத்தின் கூட்டாளி சங்கரசுப்புவுடையது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள். அவற்றை நட்சத்திரத்தோடு நட்சத்திரம் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். தனிப் படத்தில் மணல் தூவினாற்போல் இருக்கும் குறைகள், அடுக்க அடுக்க அடங்கிவிடும். வானத்தில் உண்மையாக இருப்பது மட்டும் துலங்கி வரும்.

கம்ப்யூட்டர் அடுக்கி முடித்தது. அவள் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். கேட்டையைச் சுற்றி மஞ்சள் புகை எழுந்தது. அதற்கு மேலே நீலம். நடுவில் ஆறுகள் போல ஓடும் கருந்தூசிப் படலங்கள். "மாஷா அல்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னாள்.

கீழே இடது மூலை மட்டும் இருண்டிருந்தது.

முதலில் அதையும் தூசிப் படலம் என்றே நினைத்தாள். ஆனால் மற்றவர்கள் எடுத்த படங்களில் அந்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. லென்ஸின் கோளாறாக இருக்கும். எந்த லென்ஸுக்கும் ஓரங்களில் வெளிச்சம் குறைவுதான். அதைச் சரிக்கட்டவே, லென்ஸ் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, விடிந்த வானத்தைப் பார்த்துச் சில படங்கள் எடுத்து வைப்பாள். அவற்றைக் கொண்டு கணக்குப் பண்ணினால் ஓரத்து இருட்டு போய்விடும். அவசரத்தில் அதைத் தப்பாகச் செய்துவிட்டோம் போல என்று அடுக்குகிற வேலையை முதலிலிருந்து ஓடவிட்டாள். கீழே போய் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாள். இருட்டு அப்படியே இருந்தது. கொஞ்சம் ஏறியிருந்த மாதிரிகூட இருந்தது.

எரிச்சலில் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். கேட்டை கீழிருந்து மேலே போனது. நீலம் அடியில் வந்தது. இருட்டும் இப்போது மேலே வலது மூலைக்குப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. கீழே இடது மூலையிலேயே இருந்தது.

படத்தை மூடினாள். அதன் பின்னால் யாருடைய ஆல்பமோ, ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து கிடந்தது. அதிலும் கீழே இடது மூலை இருண்டிருந்தது. மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் பாதி இல்லை.

வலது கண்ணைப் பொத்தினாள். வழக்கமான மூட்டம், அவ்வளவுதான். இடது கண்ணைப் பொத்தினாள். இருட்டு வட்டமான விளிம்போடு, கருப்புத் துணியால் மூடின மாதிரி, அசையாமல் நின்றது.

 நாலைந்து நாளாகவே கண்ணோரத்தில் மின்னல் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தது. மானிட்டரையே பார்ப்பதால் வரும் களைப்பு என்று விட்டிருந்தாள். இப்போது போனில் தேடிப் படித்தாள். கண்ணுக்கு உள்ளே பின்பக்கம் ஒட்டியிருக்கும் விழித்திரை கிழிந்து உரியத் தொடங்கினால் இப்படித்தான் மின்னும், பிறகு திரை விழும் என்று போட்டிருந்தது. உரிந்துகொண்டே போய் நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால் பார்வை முழுதாகத் திரும்பாது. அதற்கு மேல் படிக்க அவளால் முடியவில்லை.

அர்ஷத்தைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். நிக்காஹ் நடந்துகொண்டிருக்கும், போன் கேமராப் பையில் கிடக்கும். தலையை ஆட்டப் பயமாக இருந்தது. அழவும் பயமாக இருந்தது, அழுதால் கண்ணுக்கு என்ன ஆகுமோ. மேஜையைப் பிடித்தபடி நின்று, "யா அல்லாஹ், இந்த ஒண்ணுதான இருக்கு, இந்த ஒண்ணுதான இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சங்கரசுப்புவின் நம்பரை அழுத்தினாள்.

"என்ன தங்கச்சி, நம்ம காட்டுல எடுத்த படம் ரெடியா?"

"அண்ணாச்சி, எனக்குக் கண்ணு போகுது."

"என்னம்மா சொல்லுத?"

அவள் சொன்னது கோவையாக இல்லை. அவர் கடைசிவரை கேட்கவும் இல்லை. "வாசலுக்கு வந்து நில்லு. இந்தா காரை எடுத்துட்டு வாரேன். அர்ஷத்துக்கு நான் ஆள விட்டுச் சொல்லுதேன்" என்றார்.

படிக்கட்டில் கீழ்ப்படி தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி இறங்கினாள்.

திருநெல்வேலி ரோட்டில் கார் ஏறியதும் சங்கரசுப்பு வேகமெடுத்தார். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. ஷஹீரா அலறிவிட்டாள்.

"குலுக்கக் கூடாது அண்ணாச்சி! குலுக்கினா இன்னும் உரிஞ்சிரும்."

"சரிம்மா, சரிம்மா. மெதுவா போறேன்."

மெதுவாகப் போனதும் அது வேறு பயமாக வந்தது. நேரம் போகப் போக உரியும் என்று போட்டிருந்ததே. "கொஞ்சம் வேகமா போங்க அண்ணாச்சி" என்றாள். அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்ததைக்கூட அவர் துடைக்கவில்லை.

பனவடலிசத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். முதலில் தூணின் அடி மட்டும் இல்லை. அப்புறம் பாதித் தூண் இல்லை. மானூர் வரும்போது தூணே இல்லாமல் இறக்கைகள் மட்டும் ஆகாயத்தில் சுற்றின. அதற்குப் பிறகு இரண்டு கண்களையும் மூடிக்கொண்டாள். மூடினாலும் உள்ளே மின்னல் வெட்டியது.

ஞாயிறு என்பதால் கண் ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. சொட்டு மருந்து விட்டு, கருவிழி விரியக் காத்திருந்து, ஓர் இளம் டாக்டர் அவள் கண்ணுக்குள் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் ஷஹீராவை அதிகம் வதைத்தது.

"விழித்திரை மேல்பக்கம் கிழிஞ்சிருக்கும்மா. அங்கிருந்து கீழ பிரிஞ்சு வருது. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. ஆனா ரொம்பப் பக்கத்துல வந்துட்டு."

"பார்வை வருமா டாக்டர்? எனக்கு இன்னொரு கண்ணு இல்ல."

"அதான் நாளைக்குன்னு தள்ளிப்போட வேண்டாம்னு பாக்கேன். பெரிய டாக்டரை வரச் சொல்லியாச்சு. இன்னைக்கே பண்ணிருவோம்." வரும் என்று அவர் சொல்லவில்லை. அதை ஷஹீரா கவனித்தாள்.

அர்ஷத் வந்தபோது அவளை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் தெளிவில்லை, ஆனால் கல்யாண வீட்டு அத்தர் வாசனை வந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார். 

"மின்னுதுன்னு எங்கிட்ட ஏன் ஷஹீரா சொல்லல?"

"சொன்னா கம்ப்யூட்டரைத் தொடாதன்னு சொல்லுவீங்க."

அவர் குனிந்து அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு துஆ ஓதினார். கதவோரம் நின்ற சங்கரசுப்பு வெளியே போய்விட்டார்.

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள், நினைவு தப்பவில்லை. டாக்டர்கள் பேசுவது கேட்டது. ஏதோ மெஷின் பல்லி கத்துவதுபோல விட்டுவிட்டுச் சத்தமிட்டது. ஒரு கட்டத்தில் வெளிச்சம் அடியோடு நின்று கும்மிருட்டானது. போச்சு என்று நினைத்தாள். வாயைத் திறந்தால் தலை அசைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

விழித்திரையை ஒட்ட வைத்து, அது நகராமல் இருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை நிரப்பியிருந்தார்கள். குமிழ் மெல்லக் கரையும். முதல் சில நாள் குப்புறவே கிடக்க வேண்டும். வீட்டில் தலையணைகளை அடுக்கி, முகம் தரையைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்தாள். முதுகு விண்டுபோனது. பார்க்க வந்த அர்ஷத்தின் அக்கா, "தொழுகையில சுஜூதுல கிடக்க மாதிரி நெனச்சுக்கோ ஷஹீரா" என்றாள். அப்படி நினைத்துப் பார்த்தாள். இரண்டு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை, மறுபடி பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டைப் பிரித்த பிறகும் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போலத்தான் இருந்தது. உருவங்கள் ஆடின. இவ்வளவுதானா இனி என்று யாரிடமும் கேட்கவில்லை.

வாரங்கள் போனதும் மேலே கொஞ்சம் தெளிந்தது. பார்வையை மறைத்த குமிழின் கோடு நாளுக்கு நாள் இறங்கியது. ஒரு மத்தியானம், பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பார்வையின் அடியில் குண்டுமணி அளவு கருப்பு ஒன்று உருண்டது. தலையைச் சாய்த்தால் அதுவும் ஓடியது.

"என்னங்க! திரும்ப வந்துட்டு! திரும்ப வந்துட்டு!"

அர்ஷத் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அவள் அவர் சட்டையை இறுகப் பிடித்தபடி நின்றாள். அந்த இளம் டாக்டர்தான் பேசினார். "உருளுதா? அப்ப அது குமிழோட மிச்சம்மா. போற வழியில இருக்கு. இருட்டுன்னா உருளாது, நின்ன இடத்துலயே நிக்கும். பயப்படாதீங்க, நாளைக்கு வந்து காட்டிட்டுப் போங்க."

அன்று முழுதும் அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, அது உருளுகிறதா, உருளுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காலையில் விழித்தபின்பும் கண்ணைத் திறக்கவில்லை. அர்ஷத் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளம்பணும்லா, எந்திரி" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, வலது கண்ணை மெல்லத் திறந்தாள். குண்டுமணி இல்லை. மூலையில் இருட்டு இல்லை. கீழே கடைக்கோடியில் மட்டும் லேசான மங்கல், அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நடுவில் அர்ஷத்தின் முகம், ஒவ்வொரு மயிராக.

"என்ன தெரியுது? சொல்லு, என்ன தெரியுது?"

"உங்க தாடி இவ்வளவு நரைச்சுட்டு" என்றாள் ஷஹீரா. "ஒரு மாசத்துல எப்படிங்க?"

அவர் தாடையைத் தடவிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.