இல்காவுக்கு ஏன் கேட்கவில்லை

மோகனாவுக்கு அந்த நாவல் என்றால் உயிர். ஆங்கில நாவல். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நால்வர் நின்ற இடம்’ என்று வரும். வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாகச் சாகசம் செய்துகொண்டிருந்த நான்கு சூப்பர்ஹீரோக்கள், ஒரு துறைமுக நகரத்தைக் காப்பாற்ற ஒன்றுசேரும் கதை. தடித்த புத்தகம், முழுக்க எழுத்து, பேருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அதனாலேயே அவளுடைய அக்கா சுபாஷினிக்கு அது ஒரு கேலிப்பொருள்.

“படமே இல்லாம சூப்பர்ஹீரோவா? யாருலா இதையெல்லாம் படிப்பாங்க?”

மோகனா வாதாடுவதில்லை. பறக்கிறவளைப் படத்தில் காட்டிவிடலாம். பறக்கும்போது அவள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எழுத்தில்தானே சொல்ல முடியும்? இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

புக்கிட் தெங்காவில் மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. அங்கே ஸ்டோரில் வேலை செய்யும் லோகேஸ்வரனின் காரில்தான், தீவிலுள்ள வீட்டிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டிப் போய்வருவாள். பின் இருக்கையில் நஸீஹா. சூலியா தெருக்காரி, கொள்முதல் பிரிவில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஏறியதும் கைப்பேசியில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். இறங்கும்போது “வர்றேன்கா, வர்றேன்ணே” என்பாள். அவ்வளவுதான் பழக்கம்.

ஒருநாள் மாலை பாலத்தின் நடுவே ஏதோ லாரி பழுதாகி நின்றுவிட, வண்டிகள் அசையவே இல்லை. லோகேஸ்வரனின் கார் ரேடியோ போன மாதமே ஊமையாகிவிட்டது. ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுப் பார்த்தார், கொட்டாவி விட்டார், கடைசியில் மோகனாவின் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“எப்பப் பாத்தாலும் இதத்தான் தூக்கிக்கிட்டு வர்றே. அப்படி என்ன கதைமா? சொல்லு, கேப்போம். நவுர்ற மாதிரி தெரியல.”

மோகனா முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினாள். ஓர் ஆஸ்பத்திரி மின்தூக்கியில் நான்கு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இல்காவுக்கு எறும்பு நடந்தாலும் கேட்கும். தோபியஸின் தோல் நினைத்தபோது கல்லாகும். கோர்த் ஒரு மூச்சு நேரம் உலகத்தை நிறுத்திவைப்பான். நான்காமவள் பெயர் ஆனா. பறப்பாள், ஆனால் உயரம் என்றால் அவளுக்கு நடுக்கம். ஒருவர் யாரென்று இன்னொருவருக்குத் தெரியாது. நால்வரும் தங்கள் சக்தியை மறைத்துக்கொண்டே மற்ற மூவரையும் காப்பாற்றப் பார்க்கிறார்கள். தோபியஸ் இருமுவதுபோல நடித்துக்கொண்டே கதவை வளைக்க, ஆனா யாருக்கும் தெரியாமல் எம்பிக் கூரையைத் தாங்க, மின்தூக்கி முன்னைவிட மோசமாகச் சிக்கிக்கொள்கிறது.

“நல்லா காப்பாத்துனாங்க போ!” லோகேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தார். “பறக்கிறவளுக்கு உயரம் பயமா? அடப்பாவமே.”

“அந்தக் கம்பி அறுந்து போற சத்தத்த மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்காங்கண்ணே. இல்காவோட காதுல ஒவ்வொரு இழையா அறுபடுது. படிக்கறப்ப எனக்கு காது கூசிருச்சு.”

பின்னால் நஸீஹா கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டதை மோகனா கண்ணாடியில் பார்த்தாள்.

அதன் பிறகு கதை தினப்படி வழக்கமாகிவிட்டது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். பாலம் தீர்ந்துவிட்டால் லோகேஸ்வரன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார். அவர் தோபியஸ் கட்சி. வீட்டில் மனைவி லெட்சுமியிடமும் அன்றன்றைய பகுதியை ஒப்பிப்பாராம்.

கலங்கரை விளக்க அத்தியாயத்தில்தான் சிக்கல் வந்தது. நால்வரும் இரவு தங்கியிருக்கும் இடத்துக்குள் எதிரி நுழைந்துவிடுகிறான். தோபியஸ் கல்லாக மாறுவதற்குள் எதிரி அவனைக் குத்திச் சாய்க்கிறான். அந்த எதிரி, எப்போதோ கடலில் மூழ்கிச் செத்ததாக நினைத்த இல்காவின் அண்ணன்.

லோகேஸ்வரன் காரை ஓரங்கட்டாத குறைதான்.

“இரு, இரு. எறும்பு நடந்தா கேக்கும்னியே அந்தப் பொண்ணுக்கு? இவ்ளோ பெரிய ஆளு படியேறி வந்தது எப்படிமா கேக்கல?”

மோகனா பக்கங்களைப் புரட்டினாள். “அது... தூங்கியிருப்பாண்ணே.”

“எங்க தூங்குனா? தேத்தண்ணி கலக்கிக்கிட்டு இருந்தான்னு நீதானே சொன்னே! எழுதுன ஆளு மறந்துட்டாங்க. என் ஆள அநியாயமா குத்திட்டாங்க லா.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மோகனாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று முறை படித்தவள். ஒரு முறைகூட இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல். நேசித்த புத்தகத்தில் ஓட்டை இருக்கிறது என்று இன்னொருவர் காட்டியதில் ஒரு வலி. மறுநாள் காலை தலைவலி என்று சொல்லிக் கதையை எடுக்கவே இல்லை.

மத்தியான இடைவேளையில் கேன்டீனில் நஸீஹா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்தப் பக்கத்த நான் பாக்கலாமா?”

மோகனா எடுத்துக் கொடுத்தாள். நஸீஹா சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்து, புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். ‘இல்காவின் கரண்டி நின்றது. பிறகு மறுபடியும் கலக்கத் தொடங்கினாள்.’

“கேட்டிருக்குக்கா அவளுக்கு.”

“கேட்டா ஏன் சும்மா இருக்கா?”

“யாரு நடைன்னும் தெரிஞ்சிருக்கு. அதான் சும்மா இருக்கா.” நஸீஹா வரியிலிருந்து விரலை எடுத்தாள். “எங்க அத்தா மௌத்தான பொறவு, எங்க கட முன்னாடி அஞ்சடி நடபாதையில யாராச்சும் செருப்ப இழுத்து நடந்தா எனக்கும் அப்படித்தான்கா. அத்தா மாதிரியே கேக்கும். கை நின்னுரும். ஆனா தலைய நிமித்த மாட்டேன். நிமித்துனா அவுங்க இல்லன்னு ஆயிரும்ல.”

மோகனா மேசைக்கு மேல் கை நீட்டி நஸீஹாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இருவருமாகப் பக்கங்களைப் புரட்டினார்கள். தோபியஸின் காயத்துக்கு இல்கா தன்னைத் தவிர வேறு யாரையும் கட்டுப்போட விடாதது, காரணமில்லாமல் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டது, அதற்கப்புறம் தேநீரே குடிக்காதது எல்லாம் அங்கேயே இருந்தன. நட்பின் அடையாளம் என்று நினைத்து அவள் கடந்துபோன இடங்கள். தனக்கு மனப்பாடம் என்று நினைத்த புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகம் இருந்திருக்கிறது. அதைத் திறந்து காட்டியவள் இத்தனை நாள் பின் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் இருவரும் மாறி மாறிச் சொன்னதை லோகேஸ்வரன் குறுக்கிடாமல் கேட்டார். பாலத்தில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அப்ப தெரிஞ்சேதான் எழுதியிருக்கான் மனுஷன்.”

“மனுஷன் இல்லண்ணே, பொம்பள.”

“அதான பாத்தேன்!”

கடைசி அத்தியாயத்தை ஜாமில் கேட்கமாட்டேன் என்று லோகேஸ்வரன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை லெட்சுமியையும் ஏற்றிக்கொண்டு நால்வருமாக, தீவின் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவ் போனார்கள். டுரியான் கடை ஒன்றில் பழம் தின்று கை கழுவிய பின், ஆளுக்கொரு ஜாதிக்காய்ச் சாற்றை வைத்துக்கொண்டு மரத்தடி மேசையில் உட்கார்ந்தார்கள். மோகனா இந்த முறை சுருக்கிச் சொல்லவில்லை. வரிவரியாகத் தமிழில் பெயர்த்து வாசித்தாள்.

துறைமுகச் சுவர் உடைகிறது. உடைப்பை அடைப்பதற்காகக் கல்லாகிவிட்ட தோபியஸைத் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி ஆனா மேலே மேலே போகிறாள். எங்கே விடுவது என்று கீழேயிருந்து இல்கா அலையின் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறாள். தன் சக்தி அத்தோடு தீர்ந்துவிடும் என்று தெரிந்தே கோர்த் கடலை நிறுத்திப் பிடிக்கிறான். நகரம் பிழைக்கிறது. நால்வரும் ஈரத்துணியோடு கரையில் நிற்பதோடு கதை முடிகிறது.

மோகனா புத்தகத்தை மூடினாள். லெட்சுமிதான் முதலில் பேசினார்.

“அதுக்கப்புறம் நாலு பேரும் சேந்தே இருந்தாங்களா, அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்களா?”

“அது புத்தகத்துல இல்லக்கா.”

“போயிருக்க மாட்டாங்க,” என்றார் லோகேஸ்வரன்.

“போயிருப்பாங்கண்ணே. ஆனா இல்காவுக்குத்தான் எவ்ளோ தூரத்துல இருந்தாலும் கேக்குமே,” என்றாள் நஸீஹா.

“கேட்டா மட்டும் போதுமா? கோர்த்துக்கு இப்ப சக்தியும் இல்ல, அவன யாரு பாத்துக்குவா?” லெட்சுமிக்குக் குரல் ஏறிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம், மலைப்பாதையின் வளைவுகளிலும் அந்த வழக்கு ஓயவில்லை. நஸீஹா முன் இருக்கைக்கு மாறியிருந்தாள். மோகனா பின்னால், லெட்சுமியின் பக்கத்தில் சாய்ந்துகொண்டு வந்தாள். தனக்கு மட்டும் தெரிந்திருந்த பெயர்களை மூன்று பேர் உரிமையோடு சொல்லிச் சண்டை போடுவதைக் கேட்கக் கேட்க அவளுக்குத் தித்தித்தது.