குண்டூசி வாயும் பூச்சி மாத்திரையும்

வாயில் நூற்றிருபது குண்டூசிகளைக் கவ்வியபடியே வாடிக்கையாளரோடு மல்லுக்கு நின்று, நடுவில் இரண்டு கொட்டாவியும் விட்டவர் அந்தத் தையல்காரர். நாற்பது வருஷத்தில் ஓர் ஊசிகூடத் தொண்டைக்குள் இறங்கியதில்லை. இதை அவரே சொல்வார், தினமும் சொல்வார். நம்பாத ஒரே ஆள் அவருடைய மைத்துனர்.

அந்த வாய்க்குச் சோதனை பூனை உருவத்தில் வந்தது. நாலு பேர் தீனியை ஒற்றையாய்த் தின்றும், அவர் வீட்டுப் பூனை மகாராணி துடைப்பக்குச்சியாய் இளைத்துக்கொண்டே போனாள். வயிறு மட்டும் மத்தளம்.

"வயிறு பூரா புழு," என்றார் கால்நடை மருத்துவர். "மாத்திரை உள்ள போகலைன்னா இந்த வாரம் தாங்கறதே கஷ்டம்." ஒரு மாத்திரை போதும், ஆனாலும் தையல்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாகக் கொடுத்தார்.

முதலாவதை மீனுக்குள் ஒளித்தார். மகாராணி மீனைத் தின்றுவிட்டு, மாத்திரையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் துப்பிக் கரைத்தாள்.

இரண்டாவதற்குப் பூனையைப் பிடிக்கவே இரண்டு கையும் போதவில்லை. பழக்க தோஷம், மாத்திரையை உதட்டில் கவ்விக்கொண்டார். மகாராணியிடமிருந்து மூக்கில் விழுந்தது ஓர் அறை. 'களுக்!' மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்டது, வயிறுதான் வேறு.

மைத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நூத்தியிருபது ஊசி நின்ன வாயில ஒத்த மாத்திரை நிக்கலையா அத்தான்?"

"சிரிப்பு ஒரு கேடா?" என்று தையல்காரர் மனைவி தம்பிமேல் பாய்ந்தாள். "அதோட முதுகெலும்ப எண்ணிடலாம் போல இருக்கு. மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான்."

தையல்காரருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. நீளம் குறைக்க மைத்துனர் கொடுத்திருந்த புதுப் பேண்ட்டை உருவினார்.

"அத்தான், அது என்னோடது!"

"உன்னோடதுதான் மச்சான். இந்தா, டப்பாவுல இருக்கிற ஊசிய எண்ணிக் குடு."

நாற்பது. அத்தனையும் வாய்க்குப் போயின. பேண்ட்டின் ஒரு காலுக்குள் மகாராணியைத் தலைமட்டும் தெரியும்படி செருகினார். அவள் திமிறத் திமிற, உடம்பில் படாமல் துணியை மடித்து மடித்து ஊசி குத்தினார். "தொறடி வாய!" என்று ஊசிகளோடே அவர் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. மகாராணியும் பதிலுக்குக் கத்தினாள். திறந்த வாயில், நாக்கின் கடைக்கோடியில், கடைசி மாத்திரை விழுந்தது. வாயை மூடித் தொண்டையை நீவினார். தன் மூக்கை நக்கினாள் மகாராணி. விழுங்கிவிட்டாள்!

அந்த நிம்மதியில் தையல்காரருக்கு ஒரு கொட்டாவி வந்தது. காது வரைக்கும்.

வாயிலிருந்த ஊசிகளை உள்ளங்கையில் உமிழ்ந்து நீட்டினார். மைத்துனர் எண்ணினார். மகாராணியின் நகத்தில் கந்தலாகிவிட்ட பேண்ட்டிலும் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"துணியில பதினெட்டு, கையில இருபத்திரண்டு. நாப்பதும் இருக்கு அத்தான். கத்துனீங்க, கொட்டாவியும் விட்டீங்க. என் கண்ணாலயே பாத்துட்டேன்."